கறுப்புப் பசைக்கு அடியில் ஓர் எதிரொலி

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கடவுள் வாயை எதற்குக் கொடுத்தான் என்றே தெரியவில்லை. மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறான். "எப்படி இருக்கீங்க பெரியவரே" என்று ஒரு வார்த்தை கிடையாது. போனை நீட்டுகிறான், படம் எடுக்கிறான், போய்விடுகிறான். பொருளைக் கையில் தூக்கிப் பார்ப்பதில்லை, காது கொடுத்துக் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று செய்து, தன் பேரை ஒட்டிக்கொள்கிறான்.

அதனால்தான் பெடல் செய்கிறவர்கள் கறுப்புப் பசை ஊற்றுகிறார்கள். கிட்டார் வாசிக்கிறவன் சத்தத்தை மாற்றுவதற்குக் காலால் மிதிக்கிற சின்ன அலுமினியப் பெட்டிதான் பெடல். உள்ளே இருக்கிற சர்க்யூட்டின் மேல் அந்தப் பசையை ஊற்றி இறுக விட்டால், திறந்து பார்க்கிறவனுக்கு நிலக்கரித் துண்டு மாதிரி ஒன்றுதான் தெரியும். திருட முடியாது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை... அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

ஏப்ரல் மாதம். அக்ரன் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் ஹாலில் இசைச் சாமான் சந்தை. கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிறது. நான் வழக்கம்போலப் பழைய ஒலிபெருக்கிகளுக்கான கண்ணாடி வால்வுகளையும் ரிப்பேர் கருவிகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசைக்கு ஒரு பெண் வந்தாள். ரெனாட்டா சோகோல். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின் பார்க்கிறவள். முப்பது வயதிருக்கும். சட்டையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள், மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு. மேசையில் ஒரே ஒரு பெட்டி வைத்தாள். பச்சைப் பெயிண்ட். மேலே கையால் எழுதிய எண்கள், ஏழுக்கு நடுவே ஒரு கோடு.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்றேன்.

"ஒண்ணு போதும். நல்லா இருந்தா ஆள் தேடி வரும். நல்லா இல்லேன்னா நூறு இருந்து என்ன?"

திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கண்ணைச் சொல்லியாக வேண்டும். பற்றவைக்கும் சாலிடர் ஈயம் உருகும்போது ஒரு நொடி பளிச்சென்று மினுங்குமே... அப்படிப்பட்ட கண்.

அது எதிரொலிப் பெட்டி. அந்தக் காலத்தில் டேப் ஓடி எதிரொலி கொடுக்கும் மெஷின்கள் இருந்தன. அந்தச் சத்தத்தை டேப் இல்லாமல் கொண்டுவருவதற்குத்தான் இன்றைக்கு எல்லாரும் வீட்டு மேசையில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இவள் கூடச் சேர்ந்து பாடுகிற கரோக்கி மெஷின்களிலிருந்து இரண்டு மலிவான சிப்பைப் பிடுங்கி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கோத்திருந்தாள். ஒரு சுரத்தைத் தட்டினால் அது திரும்பி வரும். வரவர மங்கும். நைந்த டேப் மாதிரி லேசாகத் தள்ளாடும்...

பத்து மணிக்குள் ஏழெட்டுப் பேர் அவள் கொண்டுவந்த கிட்டாரில் வாசித்துப் பார்த்தார்கள். எல்லாரும் கை ஓயாமல் வாசித்தார்கள். எதிரொலிக்கு மூச்சு விடக்கூட இடம் தரவில்லை. ரெனாட்டாவின் உதடு கோணிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தன் மேசைகளுக்கு நடுவே புகுந்து வந்தான். எமெட் டால்ரிம்பிள். இந்தப் பக்கத்தில் எதிரொலிப் பெட்டி என்றால் அவன் பேர்தான். இருநூறு பெட்டிக்கு மேல் செய்து விற்றவன். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பசை. நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் அவளுடைய கிட்டாரை எடுத்தான். மூன்று சுரம் தட்டினான். கையைத் தூக்கிவிட்டு... காத்திருந்தான்.

மூன்று சுரமும் திரும்பி வந்தன. மறுபடி வந்தன. மங்கின, தள்ளாடின, மழைச் சத்தத்துக்குள் போய்க் கரைந்தன. அதுவரை அவன் விரல் அசையவே இல்லை.

ரெனாட்டாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. 'இவன் கேட்கிறான்... இந்த ஹாலிலேயே இவன் ஒருத்தன்தான் கேட்கிறான்...' அவள் நெஞ்சு எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பிறகு அவளே சொன்னாள். நானாகக் கட்டிவிடவில்லை.

அவன் தலை நிமிர்ந்தான். அழகான பழுப்புக் கண், அதில் நெருப்பு.

"இது என் சத்தம்."

"என்னது?"

"இந்தச் சத்தம் என்னோடது. திறந்து காட்டுங்க."

"தாராளமா. ஒளிச்சு வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல." நாலு திருகாணியையும் அவளே கழற்றினாள். உள்ளே பசை கிசை எதுவும் இல்லை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"என் பெட்டியைச் சுரண்டியிருக்கீங்க."

"யோவ்!"

"இங்க பாருங்க. இந்த மூலையில ரெண்டு சின்ன கெபாசிட்டர் ஒட்டி ஒட்டி நிக்குது. உலகத்துல யாரும் இப்படி வைக்க மாட்டாங்க. என் பெட்டியில மட்டும்தான் இருக்கு. பசையைச் சுரண்டிப் பார்த்தாத்தான் தெரியும்!"

குரல் உயர்ந்ததும் கூட்டம் கூடிவிட்டது. சந்தையை நடத்துகிற பெர்னீஸ், காகிதத் தட்டில் புளிக்கவைத்த கோஸில் பொரித்த உருண்டையை மென்றுகொண்டே வந்தாள். அந்த ஹாலில் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் சர்க்யூட்டைத் திருடி விற்றால், அதற்கப்புறம் சாகும்வரை மேசை கிடையாது. வேறு எங்கேயும் யாரும் அவர்கள் பொருளைத் தொடவும் மாட்டார்கள். ரெனாட்டாவுக்கு அன்றைக்குத்தான் முதல் மேசை. அதுவே கடைசி மேசையாகும் போலிருந்தது.

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"சரி மேதையே, ஒண்ணு கேக்கறேன். எதுக்கு ரெண்டு?"

"என்ன எதுக்கு?"

"அந்த மூலையில எதுக்கு ரெண்டு சின்னது வைக்கறீங்க?"

"அதுலதான் அந்தக் கதகதப்பே வருது," என்றான் எமெட். "டேப்போட இளஞ்சூடு. அதுதான் என் ரகசியம்."

ரெனாட்டா ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்... மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவுக்கு.

"ஐயோ சாமி! அது கரன்ட்டோட இரைச்சலை அடக்கறதுக்கு வைக்கிறது. சத்தத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அங்க ஒரு பெரிய கெபாசிட்டர் வைக்கணும். முதல்முதலா நான் இதைச் செஞ்ச அன்னிக்கு வெளிய முழங்கால் அளவு பனி. கடை சாத்தியிருந்துச்சு. வீட்டுல பெருசு இல்ல. செத்துப்போன ஒரு ரேடியோவிலேர்ந்து ரெண்டு சின்னதைப் பிடுங்கிச் சேர்த்து வெச்சேன். வெச்சதை அப்படியே படமா வரைஞ்சு, பெடல் செய்யறவங்க கூடற இணையப் பக்கத்துல போட்டேன். எவன் வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்னு. அப்புறம் பழகிப்போச்சு. இன்னிக்கும் ரெண்டுதான் வைக்கறேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எமெட் சிரிக்கவில்லை. பெட்டியின் மேலிருந்த எண்களை அப்போதுதான் பார்த்தான். கோடு போட்ட ஏழு... அவன் முகத்திலிருந்த நெருப்பு அணைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"அந்தப் படம் இப்ப எங்கம்மா?" என்றாள் பெர்னீஸ்.

"அந்தப் பக்கத்தையே மூடிட்டாங்க. எங்கிட்டயும் இல்ல."

"வெறும் வாய்ச் சொல்லை வெச்சு நான் என்ன பண்ண? எமெட், நீ சொல்லுப்பா. அவ சொல்றது நிஜமா?"

ஹாலே அவனைப் பார்த்தது. அவன் திரும்பி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போய்விட்டான்.

"மூணு மணிக்கு ஹால் மூடணும்," என்றாள் பெர்னீஸ். "அதுக்குள்ள நிரூபிக்கணும். இல்லேன்னா இனிமே உனக்கு இங்க மேசை இல்ல. இப்பவே எடுத்து வெச்சுட்டுப் போயிட்டா உனக்கும் கொஞ்சம் மரியாதை..."

"போக மாட்டேன்."

"அம்மாடி..."

"நான் வரைஞ்சது. நான் செஞ்சது. மூணு மணி வரைக்கும் இந்த மேசை என்னோடது. பெட்டி திறந்தே இருக்கும். யாருக்குப் பார்க்கணுமோ வந்து பாருங்க. படம் எடுக்கணும்னாலும் எடுத்துக்கோங்க!"

யாரும் வரவில்லை. மேசையைத் தாண்டுகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தாண்டினார்கள். அவள் முதுகை நிமிர்த்தி, திறந்த பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கப் காபியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கட்சி என்பதற்காக அல்ல. ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"அவன் வர மாட்டான்," என்றேன்.

"வர வேண்டாம்," என்றாள். கண் மட்டும் கதவை விட்டு நகரவில்லை. 'மூணு சுரம் தட்டிட்டுக் காத்திருக்கத் தெரிஞ்சவன்... உண்மையைச் சொல்ல மட்டும் தெரியாதா? போடா...'

இரண்டு மணி தாண்டியது. கதவு திறந்தது.

எமெட் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றான். ஒரு கையில் அவன் செய்த பெட்டி ஒன்று. சட்டைக்குள் ஏதோ காகிதம். நேராக என் மேசைக்கு வந்தான்.

"பெரியவரே, அந்த ஹீட் கன்னைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"என் பேரைச் சுரண்ட."

"திருப்பித் தருவியா?"

"தருவேன்."

இரண்டு தரம் யோசித்துத்தான் கொடுத்தேன். அவன் ரெனாட்டாவின் மேசையிலேயே தன் பெட்டியைத் திறந்து, சூட்டுக் காற்றைப் பாய்ச்சினான். பசை இளகியது. மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் துண்டு துண்டாகக் கிளறி எடுத்தான். விரலைச் சுட்டுக்கொண்டான், நிறுத்தவில்லை. கூட்டம் மறுபடி கூடியது. அரை மணி நேரம் சுரண்டினான். கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் தெரிந்தது. மூலையில் இரண்டு சின்ன கெபாசிட்டர்கள். ஒட்டி ஒட்டி.

எமெட் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து பெர்னீஸிடம் நீட்டினான். மடித்து மடித்து நைந்துபோன பிரிண்ட். கையால் வரைந்த சர்க்யூட் படம். கோடு போட்ட ஏழுகள். கீழே 'ஆர். எஸ்.'

"இது அவங்க படம்," என்றான், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "மூணு வருஷம் முன்னாடி இதைப் பார்த்துத்தான் செஞ்சேன். எதுக்கு ரெண்டுன்னு எனக்குப் புரியல. புரியலேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, ரகசியம்னு சொல்லிட்டேன். அந்த ஆர். எஸ். யாரோ ஒருத்தர், விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். என் பேரை ஒட்டிட்டேன். பசையை ஊத்திட்டேன். திருடினது நான்தான். மேசை இல்லாம போகணும்னா எனக்குத்தான்."

பெர்னீஸ் காகிதத்தையும் பச்சைப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சட்டம் சட்டந்தான்பா," என்றாள் மெதுவாக. "உன் மேசையை எடுத்துடு."

அவன் தலையசைத்தான். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அவன் மட்டும் நின்றான்.

"காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே," என்றாள் ரெனாட்டா. குரலில் முள் இருந்தது. "யாருக்குத் தெரியப்போகுது?"

"முடியல."

"ஏன்?"

"ஓரத்துல எழுதியிருக்கீங்க பாருங்க." காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். "'குமிழை ரொம்பத் திருகாதே. தானா ஊளையிட ஆரம்பிச்சுடும். நான் திருகினேன். கீழ்வீட்டுக்காரர் மூணு நாளா என்னோட பேசல.' இதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியல. வேலை ஓடாத ராத்திரி, மனசு சரியில்லாத ராத்திரி... இதை எழுதின ஆளோட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்னு மூணு வருஷமா ஆசை. தாடி வெச்ச கிழவனா இருப்பான்னு நெனச்சேன். அப்பவும் ஆசைதான். இன்னிக்கு வந்து பார்த்தா... நீங்க. பார்த்ததும் முதல் வார்த்தையே உங்களைத் திருடின்னு சொல்லிட்டேன்."

ரெனாட்டா அவன் சுட்டுக்கொண்ட விரலைப் பார்த்தாள். காபிக் கப்பிலிருந்த குளிர்ந்த கரண்டியை எடுத்து, அதன்மேல் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே.

"ஸ்ஸ்..."

"வலிக்கட்டும். நல்லாக் கேட்டுக்கோங்க. உங்ககிட்ட பெட்டி வாங்கின ஒவ்வொருத்தருக்கும் எழுதறீங்க, படம் யாரோடதுன்னு. இனிமே எதுலயும் பசை ஊத்தக் கூடாது. படம் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். அடுத்த பெட்டியில அந்த மூலையில ஒரு பெரிய கெபாசிட்டர் வைக்கறீங்க."

"ரெண்டே இருக்கட்டுமே..."

"எமெட்!"

"சரி... ஒண்ணு."

"அப்புறம் இன்னொண்ணு." இப்போது அவள் காது சிவந்திருந்தது. முறைப்பு மட்டும் குறையவில்லை. "காலையில மூணு சுரம் தட்டிட்டுக் கையைத் தூக்கி வெச்சுக் கேட்டீங்களே... அப்பவே உங்களைப் பிடிச்சுப்போச்சு. பாழாப்போன மனுஷன், வாயைத் திறக்காம இருந்திருக்கக் கூடாதான்னு நாள் பூரா திட்டிட்டு இருந்தேன். போதுமா? சொல்லிட்டேன். இதுக்கு மேல கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை. கரண்டி பிடித்திருந்த அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

நான் வால்வுகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். ரெனாட்டா என் பக்கம் திரும்பினாள்.

"ஆர்லோ, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்ல என்ன இருக்கு? மூணு வருஷம் பொய் சொன்னவன், அரை மணி நேரம் சுரண்டினா நல்லவனாயிடுவானா? நம்ப நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

எமெட் தலை குனிந்தான். அவள் சிரித்தாள்.

"நானும் இன்னும் முழுசா நம்பலை," என்றாள். "ஆனாலும் இவனோடதான் சாப்பிடப் போறேன்."

வால்வுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினேன். எனக்குப் பின்னால் யாரோ மூன்று சுரம் தட்டுவதும், பிறகு ஒன்றும் தட்டாமல் இருப்பதும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஒட்டுறவு எத்தனை நாளைக்கு என்று பார்க்கத்தானே போகிறேன். வண்டியை எடுத்தேன்.