வஞ்சநாதன் கொடுத்த புகார்

1988 மார்ச், ஒரு சனிக்கிழமை. பகல் 12.10.

பேராசிரியர் பஞ்சநாதன் மேசை இழுப்பறையைத் திறந்தார். துருப்பிடித்த குண்டூசி டப்பா இருந்தது. செத்த கரப்பான்பூச்சி ஒன்று இருந்தது. காலையில் தன் கையாலேயே வைத்துப் பூட்டிய கவர் மட்டும் இல்லை.

அவர் 'ஐயோ' என்று கத்தியிருப்பார். வாய் நிறைய வெற்றிலைச் சாறு இருந்ததால், முகவாயை மேலே தூக்கிக்கொண்டு 'ம்ம்ம்' என்று மட்டும் சத்தம் போட்டார். சாருக்கு நெஞ்சுவலி என்று நினைத்து வராந்தாவிலிருந்து மூன்று மாணவர்களும் ஓடிவந்தார்கள்.

நடந்துகொண்டிருந்தது ஒரு தேர்வு. டெல்லியில் சட்டக் கல்லூரிகளுக்கிடையே மூட் கோர்ட் போட்டி. வழக்கு கற்பனை, நீதிபதி கற்பனை, கறுப்புக் கோட்டு மட்டும் நிஜம். சென்னையிலிருந்த அந்தக் கல்லூரியின் சார்பில் இரண்டு பேர் போகலாம். போட்டிக்கு நின்றவர்கள் மூன்று பேர். முதல் சுற்று காலையில் முடிந்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்கான கேள்விதான் அந்தக் கவரில் இருந்தது. இரண்டு மணிக்கு எல்லார் எதிரிலும் பிரிக்க வேண்டியது.

"உப்பளத்தைப் பத்தின கேள்வி. உப்பளத்தைக் கண்ணால பார்த்துட்டுப் பேசுங்க" என்று சொல்லித்தான் பேராசிரியர் எல்லாரையும் மரக்காணத்துக்கு பஸ் ஏற்றியிருந்தார். இடம் கொடுத்தவர் உப்பு வியாபாரி தாஜுதீன். சுற்றிலும் பாத்தி பாத்தியாக வெள்ளை, நடுவில் அவருடைய இரண்டு அறை ஆபீஸ். தாஜுதீனின் தங்கை மகள்தான் மூவரில் ஒருத்தியான அர்ஷியா. மேசைச் சாவி அவளிடம்தான் இருந்தது.

அங்கேதான் வில்லங்கம்.

அர்ஷியாவுக்கு இது கடைசி வருஷம். முதல் வருஷம் ஒரு மார்க்கில் டீமில் இடம் போனது. இரண்டாம் வருஷம் தேர்வன்று தொண்டை கட்டி, நீதிபதி முன்னால் தவளை மாதிரி கத்திவிட்டு வந்தாள். இந்தத் தடவையும் விட்டால் அவளுக்கு டெல்லி என்பது மேப்பில் ஒரு புள்ளிதான். இப்போது அதுவும் போய், சொந்த ஊரில், சொந்த மாமாவின் ஆபீஸில் திருடி என்ற பெயர் வந்து நிற்கிறது.

வாய் காலியானதும் பேராசிரியர் சொன்னார்: "கேள்வி போனா வேற கேள்வி போட்டுக்கலாம். திருட்டுக் கை டெல்லிக்குப் போகக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேர் பெயரும் தந்தியில போயாகணும். மூணு மணிக்குள்ள யாருன்னு தெரியலைன்னா, சாவி வெச்சிருந்த பொண்ணு பேரை வெட்டிடுவேன். போலீசைக் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு, மனம் ஆறாமல் அடுத்த வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பகல் 12.45.

ஏட்டு நடராசன் சைக்கிளை உப்பு மூட்டை மேல் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதில் பாதி, சாட்சிக் கூண்டில் ஏறி வக்கீல்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 'அன்றைக்கு நிலா வெளிச்சம் இருந்ததா?' என்று ஒரு வக்கீல் கேட்க, இவர் நல்லா இருந்தது என்று சொல்ல, அது அமாவாசையாகப் போய், கோர்ட்டே சிரித்த கதையை அவர் சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எதிரே மூன்று குட்டி வக்கீல்கள், கேள்வி கேட்கும் இடத்தில் இவர். ஏட்டு ரொம்ப சந்தோஷமாக நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"இன்னா நடந்துது?"

"மூட் கோர்ட்டுங்க" என்றாள் அர்ஷியா.

"மூடுன கோர்ட்ல இன்னா கேஸு?"

விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷம் ஆனது.

"புகார் குடுக்கறவர் பேரு?"

பேராசிரியர் முகவாயைத் தூக்கினார். உதடு ஒட்டினால் சாறு வழிந்துவிடும். "வஞ்சநாதன்."

ஏட்டு அப்படியே எழுதினார். "கேள்வியை எழுதினது யாரு?"

பேராசிரியர் ஜன்னலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "நான்தான். நேத்து சாயங்காலம் காலேஜ் டைப்பிஸ்டுக்கு வாயால சொன்னேன். இங்கிலீஷ்ல. புதுசா வந்த பையன். அவனே அடிச்சு, கவர்ல போட்டு, அரக்கு வெச்சுக் குடுத்தான்."

"அடிச்சதைப் படிச்சுப் பார்த்தீங்களா?"

"சொன்னதே நான். எனக்குத் தெரியாதா? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"டைப் அடிக்கச் சொல்லும்போது வாயில வெத்தலை இருந்துதா?"

"ஏட்டு, நான் கண் முழிச்சா வெத்தலை, கண் மூடினாத்தான் இல்லை. இதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றார் ஏட்டு.

பகல் 1.05. விசாரணை.

முதலில் அர்ஷியா.

"பதினொண்ணரை மணிக்கு சார் பாத்தியைப் பார்க்கக் கிளம்பினாருங்க. நான் சாப்பாடு எடுத்தார வீட்டுக்கு சைக்கிள்ல போயிட்டேன். பன்னெண்டுக்குத் திரும்பிட்டேன்."

"சாவி?"

அவள் தலை குனிந்தது. "கைப்பையில. பையை இந்த மேசை மேலயே வெச்சிட்டுப் போயிட்டேன். தப்புதான் ஏட்டையா."

"எடுத்தவங்க திரும்பப் பூட்டி, சாவியைப் பையிலயே போட்டிருக்காங்க. மரியாதை தெரிஞ்ச திருடன். அடுத்தது யாரு?"

அடுத்தது ரேகா. வகுப்பில் முதல் மாணவி. ஈரம் சுண்டிய பாவாடை ஓரம் முழுக்க உப்பு வெள்ளை பூத்திருந்தது. சிமெண்டுத் தரையிலும் வாசலிலிருந்து ஜன்னல் வரை வெள்ளை வெள்ளையாகப் பாதச் சுவடு. ஈரமாக இருந்தபோது யார் கண்ணிலும் படாத சுவடு, காய்ந்த பிறகு கோலம் போட்ட மாதிரி எழுந்து நின்றது.

"இது உன் காலாம்மா?"

"என்னுடையதுதான். வரப்பு வழுக்கி பாத்திக்குள்ள விழுந்துட்டேன். துண்டு எடுக்க உள்ளே வந்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"அப்ஜெக்‌ஷன்!" என்று ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

மூன்றாவது ஆள், விஜயகுமார். இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டு, பளபளக்கும் ஷூ, நாடக நடிகர் மாதிரி நிற்கும் தோரணை. "சாட்சியை போலீஸ் மிரட்டக் கூடாது!"

"டைம் கேட்டா மிரட்டலா? உக்காருப்பா" என்றார் ஏட்டு. இந்த ஒரு வார்த்தையை ஒரு வக்கீலைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய பல வருஷ ஆசை. சுகமாக இருந்ததால் இன்னொரு தடவை சொன்னார். "உக்காரு."

ரேகாவின் சுவடு ஜன்னலோரம் இருந்த அவள் பை வரைக்கும் போய், அப்படியே வாசலுக்குத் திரும்பியிருந்தது. மேசைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஏட்டு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ எங்கப்பா இருந்தே, விஜயகுமாரு?"

"வராந்தாவுல படிச்சிட்டிருந்தேன். உள்ளே போகவே இல்லை."

"சரி. அப்ப எல்லாரும் யோக்கியம். சாவி வெச்சிருந்தது இந்தப் பொண்ணு, இடம் இந்தப் பொண்ணோட மாமாவுது. இவளைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவணும் போல இருக்குது."

அர்ஷியாவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் விஜயகுமார் எழுந்தான். கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டான்.

"இவங்களுக்காக நான் ஆஜராகிறேன்!"

"ஆவு" என்றார் ஏட்டு.

"முதலாவதாக, பையை மேசை மேல் விட்டுவிட்டுப் போனது கவனக்குறைவே தவிரக் குற்றமல்ல! இரண்டாவதாக, திருடுகிறவள் தன் சாவியாலேயே திறந்து தன் சாவியாலேயே பூட்டித் தன்னையே காட்டிக்கொடுப்பாளா? மூன்றாவதாக, அந்தக் கேள்வியைத் திருடி என் கட்சிக்காரருக்கு என்ன லாபம்? மோட்டார் வாகனச் சட்டத்தில் இவர் வாங்கிய மார்க் இருபத்தெட்டு! கேள்வி முன்கூட்டியே கிடைத்தாலும் இவரால் ஒரு வரி பேச முடியுமா?"

"இருபத்தெட்டு இல்ல, முப்பத்தொண்ணு!" என்று அர்ஷியா சீறினாள். அழுகை இருந்த இடம் தெரியவில்லை.

"நூத்துக்கா?" என்று ஏட்டு அக்கறையாக விசாரித்தார்.

ரேகா சிரித்துவிட்டாள். பேராசிரியர்கூட, வழக்கை மறந்து, "விவாதம் நல்லா இருக்கு" என்று முணுமுணுத்தார். ஏட்டு மட்டும் பென்சில் முனையை நாக்கில் தொட்டு, நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக்கொண்டார்.

பகல் 1.40.

"சார், உங்க கிட்ட ஒரு உதவி" என்றார் ஏட்டு. "வெத்தலை போட்டுக்குங்க. நல்லா வாய் நிறைய. அந்தக் கேள்வியோட முதல் வரியை நேத்து எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க. ரேகாம்மா, காதுல விழுறதை மட்டும் எழுது. நீயா எதையும் திருத்தாதே."

பேராசிரியர் முகவாயைத் தூக்கி, ஆகாயத்தைப் பார்த்து, கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னார்.

ரேகா எழுதியதைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "பிரதிவாதியோட சால்ட் வேன் உடைஞ்சு, வாதியோட சால்ட் வேன் சேதமாயிடுச்சு."

"வேனா?" பேராசிரியர் சாற்றை அப்படியே விழுங்கிவிட்டார். இருமல் அடங்க ஒரு சொம்பு தண்ணீர் தேவைப்பட்டது. "பேன்! சால்ட் பேன்! உப்புப் பாத்தி! ஒருத்தன் பாத்திக் கரை உடைஞ்சு, தண்ணி அடுத்தவன் பாத்தியில பாயுது. அதுதான் கேஸ்! வேன் எங்கேயிருந்து வந்துது?"

"உங்க வாயிலேருந்துதான் சார்." ஏட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் வரியில் 'புகார்தாரர்: வஞ்சநாதன்' என்று இருந்தது. "வெத்தலையோட நீங்க பேசினா 'ப' எல்லாம் 'வ'வாயிடுது. உதடு ஒட்டினாத்தானே 'ப' வரும்? நீங்க ஒட்ட வுட மாட்டீங்க, சட்டை பாழாயிடும். நீங்க ஜன்னலுக்குப் போய்த் துப்பிட்டு வந்தப்புறம்தான் எனக்கே சந்தேகம் வந்துது, அடடா பேரைத் தப்பா எழுதிட்டோமேன்னு. டைப்பிஸ்டும் என்னை மாதிரிதான். சட்ட வார்த்தை அவருக்குப் பழக்கம், அதை சரியா அடிச்சிருப்பாரு. உப்புப் பாத்தியை அவர் பார்த்தே இருக்க மாட்டாரு. தெரு முழுக்க வேன் ஓடுது. உடைஞ்சுதுன்னு வேற சொல்றீங்க. ஆக்ஸிடெண்டா இருக்கும்னு நெனைச்சிருப்பாரு."

ஏட்டு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஆக, கேள்வி உப்புப் பாத்தியைப் பத்தினதுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் அப்படித்தான் தெரியும். வண்டி கேஸுன்னு இங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அந்தக் காகிதத்தைப் படிச்சவருக்கு." ஏட்டு நோட்டில் கடைசியாக எழுதிய வார்த்தையில் விரலை வைத்தார். 'மோட்டார்' என்று இருந்தது. "விஜயகுமாரு, உப்பளத்து கேஸுக்கு மோட்டார் வாகனச் சட்டம் எதுக்குப்பா?"

விஜயகுமார் எழுந்தான். குரலில் பழைய கணீர் இல்லை. "இது யூகம். வாதத்தில் ஏதோ ஒரு சட்டத்தை உதாரணமாச் சொன்னேன். ஆவணம் எங்கே?"

"கரெக்ட். ஆவணம் வேணும்" என்றார் ஏட்டு. "டைப் அடிச்ச கார்பன் காலேஜ்ல இருக்கும். வெளிச்சத்துல பிடிச்சா எழுத்து தெரியும். சார், டிரங்க் கால் போடுங்க. அதுல பேன்னு இருந்தா இந்தத் தம்பி கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பேராசிரியர் டிரங்க் கால் பதிவு செய்தார். எல்லாரும் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். விஜயகுமாரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. மரக்காணம் வெயிலுக்கு அது இயல்புதான், ஆனால் மற்றவர்களுக்கு வழியவில்லை.

2.05க்கு மணி அடித்தது.

"வேண்டாம் சார், எடுக்காதீங்க!" விஜயகுமார் தரையில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினான். சாக்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதம் வந்தது. நீட்டினான். பேராசிரியர் இரண்டு விரல் நுனியால் வாங்கி, ஒரு கை தூரத்தில் பிடித்துப் படித்தார். வேன்தான். இரண்டு வேன்.

ஏட்டு தொலைபேசியை எடுத்தார். "ஆமாங்க... ஆமாங்க... சொல்றேன்" என்று வைத்தார். "அர்ஷியா, உங்க அம்மா. சாப்பாட்டு அடுக்கைக் கழுவி அனுப்பச் சொல்றாங்க."

விஜயகுமார் முகத்தை மூடிக்கொண்டான். "போன வாரமே எங்க அம்மா டெல்லி குளிருக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சிட்டாங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. தோத்துட்டு எப்படி வீட்டுக்குப் போறதுன்னுதான்..."

"எடுத்தது தப்பு" என்றார் ஏட்டு. "ஆனா அந்தப் பொண்ணு அழுதப்ப பொறுக்காம எழுந்து நின்னே பாரு, அது நல்ல குணம். சும்மா உக்காந்திருந்தா என்னால உன்னைத் தொட்டிருக்க முடியாது. ரெண்டு பாயிண்ட்டோட நிறுத்தியிருந்தாலும் தப்பிச்சிருப்பே. வக்கீலுங்களுக்கு மூணாவது பாயிண்ட்தான் சனி."

பேராசிரியர் புகாரை வாபஸ் வாங்கினார். விஜயகுமார் டீமிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தான்.

"இடம் ரெண்டு, ஆள் ரெண்டு. முடிஞ்சுது" என்று பேராசிரியர் கையைத் தட்டினார். "அர்ஷியா, ரேகா. தந்தி குடுத்துடலாம்."

"வேணாம் சார்" என்றாள் அர்ஷியா. "திருடலைன்னு நிரூபணமானதுக்கா டெல்லி? நான் பேசித்தான் போவேன். பாத்தி கேஸை நடத்துங்க. சரியாப் பேசலைன்னா என் பேரை வெட்டிடுங்க."

"சரி, நான் நீதிபதியா..."

"நீங்க கூடாது சார். எம்மேல சந்தேகப்பட்டுப் புகார் குடுத்தவர் நீங்க. வழக்குல சம்பந்தப்பட்டவர் நீதிபதியா உக்காரக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

பேராசிரியர் மடித்த வெற்றிலையை வாய்வரை கொண்டுபோய், போடாமலேயே கீழே வைத்தார். சொல்லிக்கொடுத்த பாடம் திரும்பி வந்து தன் மேலேயே பாய்ந்ததில் அவருக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

நாலரை மணிக்குத் தந்தி போனது. இரண்டு பெயரும் அதில் இருந்தன. அர்ஷியாவின் பெயர் முதலில். ஆனால் மூன்று மணிக்கு நடந்ததைச் சொல்லாமல் முடித்தால் அது ஏட்டுக்குச் செய்கிற துரோகம்.

பிற்பகல் 3.00.

தாஜுதீனின் சுழல் நாற்காலியில் ஏட்டு நடராசனை உட்கார வைத்தார்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அர்ஷியா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். முன்னால் வந்து நேராக நின்றாள். தலை தாழ்த்தி வணங்கினாள்.

"மை லார்ட்" என்றாள்.

ஏட்டு சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது.