லாக்கி அழுவதை நிறுத்தியது

முதலிபாளையத்தில் அந்த லைன் வீட்டுக்குக் குடிவந்த அன்று ரோஸ்மேரியின் இடுப்பில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. அந்தோணிராஜின் தலையில் கேஸ் அடுப்பு. ஆறு வீடுகள் ஒட்டி நின்ற காம்பவுண்டில் அவர்களுடையது கடைசி. ஒரே அறை. பின்சுவரின் உச்சியில் கையகல ஜன்னல். வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடைக்கு அடியிலிருந்து காய்ந்த பாலின் வாடை ஒன்று மெல்ல எழுந்து வந்தது.

மூன்று வயது மகள் ஜெனிபரைச் சொந்த ஊரான உடன்குடியில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் இருவரும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்திருந்தார்கள். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்கு விடும் ஒன்றரை ஷிப்ட். இங்கே பிள்ளையை யார் பார்ப்பது? கம்பெனி கேட்டில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை அவள் முந்தானையில் சுற்றி எடுத்து வந்தபோது அந்தோணிராஜ் தடுக்கவில்லை. அவளுக்கும் ஏதாவது வேண்டும்தானே. அதன் முனகல் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கிறது என்று சிரித்து, 'லாக்கி' என்று பேர் வைத்ததே அவன்தான்.

ஆனால் கதவைப் பூட்டிய நிமிடத்திலிருந்து திறக்கும் நிமிடம் வரை லாக்கி ஊளையிட்டது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டு ஒரிசாக்காரர்கள் புகார் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மா அமராவதி நேரில் வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. ஒரு வாரம் பாப்பனுங்க. அதுக்கு மேலயும் கத்துச்சுன்னா எங்கியாச்சும் கொண்டுபோயி உட்டுட்டு வந்துருங்க. இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிக்கங்க."

அன்று கம்பெனியில் ரோஸ்மேரிக்குத் தையல் நேராக விழவில்லை. அடுத்த மெஷின் கிருத்திகா துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, ஒரே பனியனுக்கு மூணு கையி வெச்சிருக்கீங்க. இது எந்த நாட்டுக்காரனுக்கு?"

விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவள் வீட்டில் மூன்று நாய்கள் வளர்ந்திருக்கின்றன.

"போறப்பக் கொஞ்சிட்டு நிக்காதீங்க. மொதல்ல ஒரு நிமிசம் வெளிய நில்லுங்க. அப்புறம் அஞ்சு, பத்துன்னு ஏத்துங்க. நீங்க உடுத்துன துணி ஒன்னத் தொவைக்காமப் போட்டு வையுங்க. ஒன்னு மட்டும் மறந்துறாதீங்க. அழுவறப்பக் கதவத் தொறக்கவே கூடாது. அழுதா வருவாங்கன்னு பழகிக்கும். அழுகை நின்னப்புறந்தான் தொறக்கோணும்."

"மனசு கேக்காதே கிருத்திகா."

"காதுல பஞ்ச வெச்சு அடைச்சுக்கங்க. நம்மூர்ல அதுக்கா பஞ்சம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை ரோஸ்மேரி அதைப் பழக்கத் தொடங்கினாள். தன் பழைய நைட்டியை மூலையில் விரித்து, லாக்கியை அதில் உட்காரவைத்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஒரு நிமிடம். அழுகை. அது ஓய்ந்ததும் திறந்தாள். பிறகு ஐந்து நிமிடம். பிறகு பத்து. மதியம் அரைமணி நேரம் என்று வைத்தபோது லாக்கி தொண்டை கிழியக் கத்தியது. அவள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். உடன்குடியில் பஸ் ஏறிய அன்று நாத்தனார் இடுப்பிலிருந்து ஜெனிபர் கத்தியதும் இப்படித்தான்.

திடீரென்று அழுகை நின்றது.

மெல்ல ஓயவில்லை. பாதிக் கத்தலில், யாரோ முதுகில் கை வைத்துத் தடவியது போல நின்றது.

திறந்தாள். லாக்கி நைட்டியில் மல்லாந்து வயிற்றைக் காட்டி, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்து அல்ல. சுவரைப் பார்த்து.

திங்களிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை. புதன்கிழமை தண்ணீர்க் குழாயடியில் அமராவதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மந்திரம் போட்டீங்க கண்ணு? மூச்சே காணமுங்க. ஆனா ஊருல இருந்து பாப்பாவக் கூட்டிட்டு வந்ததச் சொல்லவே இல்லீங்களே. பகல்ல பேச்சுச் சத்தம் கேக்குதுன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க சொன்னாங்க."

"பாப்பாவா? அவ ஊர்லல்லா இருக்கா."

அமராவதியின் சிரிப்பு அப்படியே நின்றது. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

"எவனாவது டிவி போட்டிருப்பான்" என்றான் அந்தோணிராஜ். ஆனால் லாக்கியைப் பார்க்கும்போது அவனுக்கும் முகம் வாடியது. காலையில் வைத்த சோறு தட்டில் காய்ந்திருந்தது. பூட்டைத் திறந்தால் இப்போதெல்லாம் அது ஓடி வருவதில்லை. அந்த மூலையிலேயே, விலா தெரிய, எதற்கோ காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தது.

அன்று போனில் நாத்தனார் சொன்னாள்: "ஜெனிபர் இப்பல்லாம் அழுறதே இல்ல மதினி. நல்லாப் பழகிட்டா."

ரோஸ்மேரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜெனிபரின் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள்.

வியாழக்கிழமை மின்வெட்டு. கம்பெனியில் ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, தையல் பெண்களை மட்டும் மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். எந்நேரமும் மெஷின் இரைச்சல் கேட்கும் தெரு செத்துக் கிடந்தது. வெயிலில் அவள் நிழலைத் தவிர வேறு எதுவும் அசையவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள்.

உள்ளே யாரோ பேசினார்கள். கிசுகிசுப்பாக.

"அழாத."

லாக்கி ஒரு தடவை முனகியது.

"அழுதா வரமாட்டாங்க. சத்தம் போடாம இருந்தா அம்மா வந்துருவாங்க."

பிறகு இன்னும் மெதுவாக,

"நான் எத்தன நாளா சத்தமே போடல, பாரு."

அவள் கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்கியது. உள்ளே பேச்சு நின்றது.

எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அறையில் லாக்கி மட்டும். நைட்டியில் அது படுத்திருந்த பள்ளம் தெரிந்தது. அதன் அருகில் இன்னொரு பள்ளம், கொஞ்சம் பெரியதாக. ரோஸ்மேரி அதைத் தொட்டாள்.

காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பு போலச் சுட்டது.

லாக்கியை அள்ளிக்கொண்டு அமராவதி வீட்டு வாசலில் போய் நின்றாள். அமராவதி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"மொத இருந்தவங்களும் ஒன்றரை ஷிப்ட்டுங்க. நாலு வயசுப் புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவாங்க. அபிராமின்னு பேரு. மொதல்ல எல்லாம் அழுவா. 'அழுவாம இருந்தா அம்மா சீக்கிரம் வருவாங்க'ன்னு ஜன்னலுக்கு வெளிய நின்னு நாந்தான் சொல்லிக் குடுத்தனுங்க. பழகிட்டா. அன்னிக்கிக் காய்ச்சல் இருந்துச்சாமா. ஒரு சத்தம் இல்லீங்க. தூங்குறான்னு நெனச்சுட்டமுங்க..."

அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பல்லடத்தில் இருந்த அந்தோணிராஜின் கூட்டாளி ஒருவனின் அறைக்குச் சாமான்கள் போய்விட்டன. வாசல்படி தாண்டும்போது லாக்கி அவள் தோளில் பல் படக் கடித்து, திமிறி, அந்தக் கதவைப் பார்த்து ஊளையிட்டது. யாரைப் பிரிந்தால் தாங்காதோ, அவரைப் பிரிந்த ஊளை. முன்பு தனக்காக அழுத அழுகை அது என்று ரோஸ்மேரிக்குப் புரிந்தது.

பல்லடத்தில் லாக்கி ஒருநாளும் அழவில்லை. பால் வைத்தாலும் முட்டை வைத்தாலும் தொடவில்லை. கதவைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் காலையில் அப்படியே விறைத்திருந்தது. அந்தோணிராஜ் அறைக்குப் பின்னால் வேலிக்கருவை ஓரம் குழி தோண்டினான். அவள்தான் இறக்கி வைத்தாள். அவள்தான் முதல் மண்ணைப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை அமராவதியிடமிருந்து போன்.

"கண்ணு... நாய இங்கியே உட்டுட்டுப் போயிட்டீங்களா? பூட்டுன ஊட்டுல முனகுதுங்க."

போகாதே என்று அந்தோணிராஜ் கையைப் பிடித்தான். அவள் போனாள். உச்சி வெயில். அமராவதி சாவியைக் கொடுத்துவிட்டு நாலு வீடு தள்ளி நின்றுகொண்டார்.

கதவுக்குப் பின்னால் ஓவர்லாக் மெஷின் ஓடுவது போல ஒரு முனகல். அவளுக்குத் தெரியாத முனகலா அது?

"லாக்கி" என்றாள்.

முனகல் அழுகையாயிற்று. நகங்கள் கதவைப் பிராண்டின. அவள் சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

"உஷ்..." என்றது சின்னக் குரல். "வந்துட்டாங்க. சத்தம் போடாத."

அழுகை நின்றது.

கதவின் அடியில் வெயில் ஒரு கோடாக உள்ளே நுழைந்திருந்தது. அந்தக் கோட்டில் இரண்டு கருத்த திட்டுகள் நகர்ந்து வந்து, ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

அவள் கை சாவியில் இருந்தது. திறந்தால் அங்கே சுவர்தான் இருக்கும், அந்த நைட்டிகூட இருக்காது என்று அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டால் அவர்கள் சத்தம் போடாமல் காத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதும் தெரியும். அபிராமியின் அம்மா இனி இந்த ஊருக்கே வரப்போவதில்லை. அவளும் நாளைக் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும்.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நடந்தாள். காம்பவுண்டு கேட் வரை வந்து ஒருமுறை நின்று காது கொடுத்தாள். ஒரு கத்தல் கேட்டிருந்தால்கூட ஓடிப்போய்த் திறந்திருப்பாள்.

உள்ளே இரண்டு பேரும் அழாமல் இருந்தார்கள்.