நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள்

நாற்காலியின் முதுகுக் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. கூடத்தில் வெயில் கிடையாது, தடித்த திரைகளை இழுத்துவிட்டு விளக்குகளைப் போட்டிருந்தார்கள். அப்பா போனதிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை. ஆனாலும் சின்னது கையை வைத்துப் பார்த்தபோது, யாரோ இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் விட்டதைப் போல மரம் சூடு ஆறாமல் இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அரச குடும்பம் என்று பெயர்தான் பெரிது. இளையதாகப் பிறந்தால் அங்கேயும் அண்ணன் போட்டுக் கழித்த கோட்டுதான், அண்ணன் ஓட்டித் தேய்ந்த சைக்கிள்தான், அவன் பிறந்தநாளோடு சேர்த்து வெட்டிய கேக்குதான். சமையற்காரர் முதல் அம்மாவரை எல்லோருக்கும் அவள் சின்னது. அண்ணனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அவளுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்காலிக்குப் பின்னால், இடது கையை முதுகுக் கட்டையின் மேல் வைத்துக்கொண்டு, காலில் எறும்பு ஏறினாலும் அசையாமல்.

கூடத்துச் சுவர் முழுக்க இந்த வீட்டு அரசர்களின் படங்கள். எல்லோரும் பட்டத்துக்கு வந்ததும் இதே நாற்காலியில் உட்கார்ந்து தங்களைப் படமாக வரையவைத்தவர்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொருவர் தோளுக்கு மேலும், கட்டையைப் பிடித்தபடி ஒரு கை தெரியும். கை மட்டும்தான். மற்றதெல்லாம் இருட்டு. அப்பாவின் படத்தில் இருப்பது பச்சைக்கல் மோதிரம் போட்ட கை, அது அத்தையுடையது. அத்தை எங்கே என்று கேட்டால் வெளியூர் என்பாள் அம்மா. தாத்தாவின் தம்பியும் வெளியூர்தான். அப்பாவின் சாவுக்கு அந்த வெளியூரிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அத்தையையாவது பார்க்கலாம் என்று சின்னது வாசலிலேயே நின்றிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் அவள் அறையில் மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். படம் முடிந்ததும் நீயும் வெளியூர் போகிறாய் என்று அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். சின்னது அலமாரியைத் திறந்தாள். துணிகள் எல்லாம் தொங்கியபடியே இருந்தன. வெளியூர் போகிறவளுக்கு யாரும் பெட்டி கட்டவில்லை. அலமாரிக் கதவை அறைந்து சாத்தினாள். பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், அது அவள் பிறவிக் குணம்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். புது அங்கியின் கழுத்து அவனுக்கு இறுக்கமாக இருந்தது. அம்மா இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள், கதவுக்கு அந்தப் பக்கம் சாவி திரும்பியது. ஓவியர் தலை நிமிராமல் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தார். டர்பன்டைன் நெடி மூக்கில் ஏறியது, அதற்கு அடியில் இன்னொரு வாடை, நெடுநாள் திறக்காத பெட்டிக்குள் இருப்பது போன்ற வாடை, நாற்காலிப் பக்கமிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"கையை வைங்கம்மா" என்றார் ஓவியர்.

அவள் ஒரு விரலை மட்டும் வைத்தாள். கட்டையின் அடிப்பக்கத்தில் ஏதோ நகர்ந்தது. நகத்தால் மரத்தைச் சுரண்டும் சத்தம். பிறகு, கீழேயிருந்து ஒரு விரல் எழும்பி அவள் விரலைத் தடவிப் பார்த்தது. கடைக்காரர் துணியைத் தடவிப் பார்ப்பது போல. அதற்குப் பின்னால் ஜில்லென்று ஒரு மோதிரக் கல்.

கையை எடுத்துவிட்டாள்.

"வை, சின்னது" என்றான் அண்ணன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினான். அவன் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அப்படித்தான் சிவக்கும். வெளியூர் என்பது எது என்று இவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லாரும் வச்சிருக்காங்க" என்றான் கடைசியில். "அத்தைகூட வச்சாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"அவங்க வச்சாங்க. நான் வைக்க மாட்டேன்."

"வைக்கலன்னா என்ன ஆகும்னு யாருக்குமே தெரியாது."

"தெரிஞ்சுக்குவோம்."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

சின்னது நகர்ந்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். இந்த வீட்டில் இளையதாகப் பிறந்த யாரும், படம் வரையும் நேரத்தில் வந்து நிற்காத இடம்.

சுரண்டும் சத்தம் நின்றது.

முதுகுக் கட்டைக்கு மேல் கைகள். ஒன்றல்ல. வரிசையாக. சுருங்கியவை, குழந்தைக் கை ஒன்று, தோல் உரிந்தவை. எல்லாம் இடது கைகள். நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

காத்திருந்தார்கள்.

அவள் வரவில்லை.

ஒரு விரல் கட்டையை விட்டது. அடுத்தது. அடுத்தது. இத்தனை காலம் பிடித்திருந்ததைப் பிடித்திருந்தவர்களே விட்டார்கள். கைகள் நீண்டன. மெதுவாக, அவசரமே இல்லாமல், கீழே இறங்கின.

முதல் கை தோளில் பட்டதும் அண்ணன் பெருமூச்சு விட்டான். கண்ணைத் திறக்காமலே லேசாகச் சிரித்தான்.

"எனக்குத் தெரியும். நீ வச்சிடுவேன்னு" என்றான்.

"அண்ணா" என்றாள் சின்னது, அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு. "கண்ணைத் திற."

திறந்தான். அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள்.

ஓவியர் தலை நிமிராமல், சதை நிறத்தை இன்னும் கொஞ்சம் பலகையில் பிதுக்கினார். அண்ணனின் இறுக்கமான கழுத்துப்பட்டிக்கு மேல், பச்சைக்கல் மோதிரம் போட்ட கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.