பனி தங்காத கூரை

லா சப்பல் மெற்றோ நிலையம் தெருவுக்கு மேலே தூக்கிக் கட்டியது. பிளாற்போமின் கடைசி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் வசந்தரூபிக்குக் கடைசி மாடியில் இருக்கும் தன் வீட்டுக் கூரை தெரியும். அன்று பின்னேரம் வேலை முடிந்து இறங்கியவள், படிக்கட்டுப் பக்கம் போகாமல் நேரே அந்த ஓரத்துக்குத்தான் போனாள்.

காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூரைகள் எல்லாம் வீட்டுச் சூட்டை வெளியே விட்டுவிட்டு, கறுத்த தகரமாக ஈரம் சொட்டிக் கிடந்தன. அவளுடைய கூரை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. சூட்டை மறிக்க உள்ளே போடும் பஞ்சு ஒழுங்காக வேலை செய்தால் மேலே பனி உருகாது, அதுதான் அடையாளம் என்று கூரை வேலை செய்கிற தவசீலன் சொல்லியிருந்தான். போன கிழமைதான் அவன் ஆட்களோடு வந்து, பழைய பேப்பரை அரைத்துச் செய்த சாம்பல்நிறப் பஞ்சைக் குழாயால் ஊதிக் கூரையடி முழுக்க முழங்கால் உயரத்துக்கு நிரப்பிவிட்டுப் போனான். வசந்தரூபிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தியளா என்று யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் கண்டாள். வெள்ளைக்கு நடுவே ஓரிடத்தில் பனி இல்லை. ஒரு ஆள் சம்மணம் கட்டி இருக்கிற அளவு இடம். விழுகிற பனி அந்த இடத்தைத் தொட்டதும் காணாமல் போனது. அதிலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் சின்ன அறை இருக்கிறது.

சின்ன அறை குழந்தைக்கு. ஒரே மகள் சாம்பவிக்கு மாதம் நிரம்பாமல் பிறந்த பெண்பிள்ளை, இவ்வளவு நாளும் ஆசுப்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இன்றைக்குப் பொழுதுபடத் தாயும் தகப்பனும் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அறை குளிரக்கூடாது, இந்தப் பிள்ளையின் உடம்புக்கு இன்னும் தன்னைத் தானே சூடாக்கத் தெரியாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வசந்தரூபி கூரையையே பிரட்டி எடுத்தாள்.

அங்கேயே நின்று தவசீலனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"தம்பி, ஒரு இடத்தில பனி உருகுது. சின்ன அறைக்கு மேல."

"இருக்காதக்கா. நானே நிண்டு பாத்து விட்டது. எல்லா இடமும் ஒரே மட்டம்." பிறகு கேட்டான்: "அந்த இலைக்குப் பக்கத்திலயோ?"

"எந்த இலை?"

"மேல ஒரு வாழையிலை கிடந்ததெல்லோ. பக்கத்தில அணைச்ச சுருட்டுத் துண்டும் கிடந்தது. எடுத்து எறியத்தான் போனன். பிறகு, படைச்ச இலை போலக் கிடக்கு, நாங்கள் கைவைக்கக் கூடாதெண்டு போட்டு, அதுக்கு மேலயே பஞ்சை அடிச்சு விட்டிட்டம். உங்களுக்குச் சொல்லுவமெண்டு இருந்தனான், மறந்து போனன்."

"அது எப்பவோ வைச்சதடா தம்பி. காஞ்சு தூளாப் போயிருக்கும்."

"இல்லையக்கா. பச்சையாக் கிடந்தது. வழிச்சுத் துடைச்ச மாதிரி."

வசந்தரூபி ரெலிபோனைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். ஒரு ரயில் வந்து நின்று, ஏற்றி இறக்கிக்கொண்டு போனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

இலையை வைத்தது அவள்தான், எத்தனையோ வருசத்துக்கு முன். புருசன் குலசேகரம் செத்த எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள்: நண்டுக் குழம்பு, ஆட்டிறைச்சி, பக்கத்தில் ஒரு கிளாஸ் சாராயம், ஒரு சுருட்டு. படைத்ததை மூன்று தெரு கூடுகிற சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வரவேண்டும். செத்தவர் அதைத் தின்றுவிட்டு அப்படியே தன் வழியில் போவார். ஊரில் அதைச் செய்ய ஆம்பிளைகள் இருந்தார்கள். இங்கே சொந்தக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கடைசி ரயிலுக்கு ஓடிவிட்டார்கள். வெளியே மழை. லிப்ற் இல்லாத கட்டிடம். சந்தியில் சாப்பாடு வைத்தால் கீழே இருக்கிற காவற்காரி எலோடி எலி வருமென்று சன்னதம் ஆடுவாள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. இந்த மனிசனுக்காக இன்னும் ஒரு படிகூட இறங்கமாட்டேன் என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு வீம்பு. ஏணியை வைத்து, கூரைக் கதவைத் தள்ளி, இலையை உள்ளே வைத்து மூடிவிட்டுக் கையைக் கழுவினாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை, அழவும் இல்லை.

எப்படி அழுவாள்? மாரியில் ஹீற்றரின் திருகியைக் கழற்றித் தன் சார மடிப்புக்குள் வைத்துக்கொண்டு திரிந்த மனிசன் அவர். குழந்தையாய் இருந்த சாம்பவியின் நகம் நீலமாகிப் போய், பிள்ளைக்குக் குளிருதப்பா என்று அவள் கெஞ்சினால், கெஞ்சினதற்காக ஜன்னலையும் திறந்துவிடுவார். பசி வந்தால் ஒரே ஒரு சொல்தான் சொல்லுவார். போடு. அவள் போடுவாள். சாப்பாட்டுக் கோப்பை நிரம்பும், வழிக்கப்படும், திரும்பவும் போடு. அப்படி அப்படியே அவளுடைய முப்பது வயசும் நாற்பது வயசும் போய்ச் சேர்ந்தன.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கதகதப்பு முகத்தில் பட்டது. கூடம் சூடு, குசினி சூடு. பஞ்சு போட்டதிலிருந்து வெளிச் சத்தமும் அடங்கிப்போயிருந்தது. முன்பெல்லாம் ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் பேசும். இப்போது தூரத்தில் யாரோ இருமுவது போல ஒன்று கேட்கும், அவ்வளவுதான். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சின்ன அறைக்குப் போனாள்.

வாசலைத் தாண்டியதும் மூச்சு வெள்ளையாக வந்தது.

ஹீற்றரைத் தொட்டாள், கை சுட்டது. ஒரு சாண் தள்ளிக் கையைப் பிடித்தாள், ஒன்றுமே இல்லை. அந்தச் சூடு சுவரில் தங்கவில்லை, காற்றில் தங்கவில்லை. தொட்டிலுக்கு விரித்திருந்த புதுச் சீலை நனைத்துப் போட்டதுபோலச் சில்லிட்டுக் கிடந்தது. கதிரையில் ஏறிக் கூரைப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரனின் முதுகு மாதிரி லேசாக வேர்த்தும் இருந்தது. மணமும் வந்தது. முதலில் பழைய பேப்பர் மணம், பிறகு அதற்குள்ளிருந்து சுருட்டு, பிறகு நண்டுக் குழம்பு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். வெளிச் சத்தம் ஒன்றும் வராத அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் இருந்தது. விரலை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சூப்புகிற சத்தம். அவளுக்கு அது தெரியும். கலியாணம் கட்டின நாளிலிருந்து பக்கத்தில் நின்று கேட்ட சத்தம்.

கதிரையை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை வருசமாக இந்த வீடு ஏன் சூடாகவில்லை என்று இப்போது விளங்கியது. இலையை விட்டுப் போகாமல், ஓட்டைக் கூரையால் மேலே போன சூடு முழுவதையும் குலசேகரம் தின்றுகொண்டு இருந்திருக்கிறார். அவள் அதை அடைத்துவிட்டாள். பசி வந்துவிட்டது. இப்போது அறைச் சூட்டை இழுத்துத் தின்கிறார், பலகையாலேயே.

பயம்தான். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்குப் பின்னால் நெடுநாளாகக் கிடந்த ஒன்று எழும்பி வந்தது. தொட்டிலைப் பார்த்தாள். என்ரை பேத்தியின்ர சூட்டையுமோ! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரெலிபோன் அடித்தது. சாம்பவி. ராக்சியில் வருகிறோம், சந்திக்குக் கிட்ட வந்துவிட்டோம், அறை சூடாய் இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் வசந்தரூபி. "நீங்கள் வரச் சூடாத்தான் இருக்கும்."

கோட்டையும் ரெலிபோனையும் கட்டிலில் எறிந்தாள். ஏணியை இழுத்துவந்து அந்த அறையின் கூரைக் கதவுக்கு நேரே வைத்தாள். இலையை எடுக்கவேண்டும். அன்றைக்குச் செய்யாததை இன்றைக்குச் செய்யவேண்டும். சந்தியில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தால் முடிந்தது. எலோடி கத்தினால் கத்தட்டும்.

கதவைத் தள்ளித் தலையை உள்ளே விட்டாள். டோர்ச் வெளிச்சத்தில் பஞ்சு நாலு பக்கமும் ஒரே மட்டமாகக் கிடந்தது. மேலே தகரம் தலையில் இடிக்கிற உயரம். கை எட்டுகிற தூரத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் இலை. தவசீலன் சொன்னது சரி. அப்போதுதான் வெட்டியது போலப் பச்சை.

கையை நீட்டினாள். இலையின் நுனியைப் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

திரும்பவும் இழுத்தாள். அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். இறுக்கி இல்லை. சும்மா, விடாமல்.

பள்ளத்துக்கு அப்பால் பஞ்சு எழும்பியது. முதலில் தோள். பிறகு தலை. சாம்பல்நிறப் பேப்பர்த் தூள் முகத்தில் அப்பியிருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்திலும் தூள்தான். வாய் மட்டும் சுத்தமாக இருந்தது. ஈரமாக. சிவப்பாக.

"போடு," என்றது.

அவளுடைய கை தன்பாட்டில் கீழே போனது, அகப்பையைத் தேடுகிற மாதிரி. அத்தனை வருசப் பழக்கம். வசந்தரூபி அந்தக் கையைத் தன் மற்றக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"போடமாட்டன்."

வாய் மூடித் திறந்தது.

"கேட்டதோ? போடமாட்டன். உனக்குப் போட்டது காணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நீ என்றாள். சொன்ன சொல் தகரத்தில் பட்டுத் தெறிக்கவில்லை. பஞ்சு அதைக் குடித்துவிட்டது.

கீழே வாசற்கதவு திறந்தது. சாம்பவியின் குரல். மருமகன் ஐங்கரனின் சப்பாத்துச் சத்தம். அதற்கு நடுவில் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சின்ன அழுகை.

முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

இலையை விட்டது. பஞ்சு அசைந்தது. பள்ளம் நகர்ந்தது. கூரைக் கதவை நோக்கி. அவளை நோக்கி அல்ல. அவளுக்குக் கீழே, தொட்டிலை நோக்கி.

யோசிக்க நேரமில்லை. வசந்தரூபி மேலே ஏறினாள். பஞ்சுக்குள் முழங்காலைக் குத்தி, குனிந்து, ஏணியை இழுத்தாள். அலுமினிய ஏணி, பாரமில்லை. அது முழுதாய் மேலே வந்ததும் கதவை மூடினாள். அதன்மேல் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். முழுப் பாரத்தோடும்.

அது அவளுக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு அதுவும் உட்கார்ந்தது. முழங்காலோடு முழங்கால் முட்ட.

டோர்ச் கையிலிருந்து நழுவிப் பஞ்சுக்குள் போனது. இருட்டு. ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஆசையாய்த் தடவியது. விரலின் நுனியை வாய்க்குள் எடுத்தது. அந்த விரல் இருப்பது அவளுக்குத் தெரியாமல் போனது. பிறகு அடுத்த விரல்.

"அம்மா?" கீழே, தூரத்தில். "அம்மாவின்ர கோட் இஞ்சை கிடக்கு. போனும் கிடக்கு. எங்க போயிருப்பா?"

"கடைக்குப் போயிருப்பா," என்றான் ஐங்கரன். "இஞ்சை பாருமன், அறை என்ன சுகமான சூடு."

குழந்தையின் அழுகை மெல்ல மெல்ல அடங்கியது. தொட்டில் கிறீச்சிட்டது. வசந்தரூபி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கத்தினால் கேட்குமோ என்னவோ. கேட்டால் கதவைத் திறப்பார்கள். அவள் கத்தவில்லை. ஐந்தாவது விரலும் போனது. அவள் இன்னும் இறுக்கிக் கதவில் அமர்ந்தாள், மற்றக் கையைத் தானே முன்னால் நீட்டினாள்.

"தின்," என்றாள். "நானும் இருக்கிறன், நீயும் இரு. ஆர் முதல் எழும்புறதெண்டு பாப்பம்."