மூழ்கிப்போன மிதவை

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் தட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் காரின் கார்புரேட்டர் அக்கக்காகக் கழன்று கிடந்தது. பார்த்ததுமே மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓட்டிக் கெடுத்தது போதாதுன்னு இப்ப பிரிச்சும் போட்டுட்டியா? மத்தியானம் பழைய இரும்புக்காரன் வர்றான். போறதையாவது முழுசா போக விடேன்..."

மருமகள் குனிந்த தலை நிமிராமல் பாகங்களை வரிசைப்படுத்தினாள். பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு வெகுநாளாயிற்று.

அது காலமான மாமனாரின் கார். பஸ் ஓடாத ஒரு நாள், வேலைக்கு நேரமாகிறதே என்று யாரையும் கேட்காமல் எடுத்துப்போனாள். திரும்பும் வழியில் அது கரும்புகை கக்கி நின்றுவிட்டது. அவர் ஓட்டிய வண்டி இவள் கை பட்டதும் செத்துவிட்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மாமியார் சொல்லி அழுதாள். கணவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. இந்த வீடு நிமிரட்டும் என்று ரேடியோ கம்பெனியில் ஈயம் பற்றவைத்துக் காய்த்துப்போன கைகளுக்கு, ராசியில்லாத கை என்று பேர்.

ஒவ்வொரு பாகமாகக் கழுவித் துடைத்தாள். பெட்ரோலில் மிதக்க வேண்டிய பித்தளை மிதவையைக் காதோரம் குலுக்கினாள். உள்ளே சலசலத்தது. காற்று மட்டுமே இருக்க வேண்டிய வயிற்றில் பெட்ரோல்!

வெந்நீரைக் கொல்லைக்குக் கொண்டுபோய் அதில் மிதவையை அமுக்கினாள். விளிம்பில் ஓரிடத்திலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. கணவனைக் கூப்பிட்டாள்.

"இது மூழ்கினா பெட்ரோல் நிக்காம இஞ்சினுக்குள்ள போகும், கரும்புகை கக்கும். விரிசல்ல எவ்வளவு பச்சைக் களிம்பு படிஞ்சிருக்கு பாருங்க. ஒரு நாள்ல வந்ததில்ல இது."

அவன் குனிந்து அந்தக் களிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"தெரியும்," என்றான். "பெட்ரோல் வாடை வருதுன்னு அப்பாவே சொல்லிக்கிட்டிருந்தாரு... நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

"ஏண்டா சொல்லல?" கதவருகிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அப்பா போனதுல உங்களுக்கு யார் மேலயாவது கோபப்படணும்போல இருந்துச்சும்மா. அது இவளா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மருமகளின் கண்கள் நிறைந்தன. ஆனால் கை வேலையை விடவில்லை. உள்ளிருந்த பெட்ரோல் முழுக்க வெளியேறிக் காய்ந்த பிறகு, விரிசலில் ஒரு பொட்டு ஈயம் வைத்தாள். கூடினால் மிதவை கனத்துவிடும். மறுபடி வெந்நீரில் அமுக்கினாள். ஒரு குமிழ்கூட இல்லை.

எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைத் திருப்பியபோது வண்டி இருமியது, திணறியது, பிறகு பிடித்துக்கொண்டது. அவள் கார்புரேட்டரின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, உறுமல் அடங்கிச் சீரான ஓசையாயிற்று. கயிறோடு வந்த பழைய இரும்புக்காரனை, ஓடுகிற வண்டியைக் கேட்க எப்படி வாய் வருகிறது என்று மாமியாரே விரட்டியடித்தாள். ஏதோ அவன்தான் வம்புக்கு வந்தவன் மாதிரி.

பிறகு மருமகளின் கரி படிந்த கைகளைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கையைப் போய் நான்..." மருமகள் அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"ஏறுங்க அத்தை. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

கணவன் பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறக்கப் போனான். மாமியார் முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னாள்:

"நீ பின்னாடி ஏறுடா. அவ ஓட்டட்டும்."