இரண்டு தட்டினால் போகும்

வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. தட்ட வேண்டிய கைடோ தள்ளிப் புல்லுக்குள் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில், வண்டிக்குள் நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தவளின் கணவர், கழுத்தை நீட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

"அண்ணி, அண்ணனை விட்டுட்டுப் போறாங்க" என்று நாத்தனார் சிரித்தாள். "இனிமே குறட்டைச் சத்தம் இல்லாம தூங்குங்க."

"சும்மா இருடி. டிரைவரக் கூப்பிடு."

"எப்படிக் கூப்பிடறது? நடுவுல இரும்புத் தகடுல்ல இருக்கு."

காட்டைச் சுற்றிக் காட்டும் வண்டியின் ஏற்பாடு அது. யாரும் குரல் கொடுத்து விலங்குகளைக் கலைத்துவிடக் கூடாதென்று டிரைவரைத் தனியாக அடைத்திருந்தார்கள். ஒரு தட்டு என்றால் நிற்கும்; இரண்டு என்றால் போகும். ஜன்னலெல்லாம் கம்பி வலை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். கால்தடம் காட்டுவதாகக் கணவரை இறக்கிக் கூட்டிப்போன கைடு, "உங்க பத்திரத்துக்குத்தாம்மா" என்று அதைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவள் தகட்டில் ஒருமுறை தட்டினாள். வண்டி நின்றது.

மூடுபனி மாலை வெளிச்சத்தையும் மரங்களையும் ஒன்றாகக் கரைத்துக்கொண்டிருந்தது. ஈர மண் வாடையோடு, நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு பழந்துணி வாடையும் வலை வழியே வந்து தொண்டையில் ஒட்டியது. எஞ்சின் முனகலைத் தவிர ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

"என்னங்க" என்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "சீக்கிரம் வாங்க. வண்டிய நிறுத்தியாச்சு."

"வரேன்" என்றது அவர் குரல்.

பாதையிலிருந்து அல்ல. தலைக்கு மேலே, கூரையிலிருந்து.

பிறகு இரண்டு தட்டு. வண்டி நகர்ந்தது.

"அண்ணன் மேல ஏறிட்டாரா அண்ணி?" நாத்தனாரின் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்டி."

கூரைத் தகரம் ஓர் இடத்தில் அமுங்கியது. கொஞ்சம் தள்ளி, இன்னோர் இடத்தில். அவளால் பயத்தை அடக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தகட்டை அறைந்தாள், அறைந்துகொண்டே இருந்தாள். ஒன்றும் இரண்டும் மட்டுமே தெரிந்த டிரைவர், அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். வண்டி பறந்தது.

வளைவு. இன்னொரு வளைவு. பாதை குறுகியது. கிளைகள் வலையைப் பிராண்டின.

மேலே, ஒரே ஒரு தட்டு.

நின்றது. எஞ்சினும் அணைந்தது.

பாதையோரம் ஆட்கள். நெருக்கமாக. மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்னால் கைடு. அவரை ஒட்டி அவள் கணவர்.

"என்னங்க. இங்க பாருங்க. நான்தான்."

பார்த்தார். ஆசையாக, தலையைச் சாய்த்து. தெரிந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண், தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வலையருகே வந்தாள். குழந்தை சிணுங்கியது. கணவர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பயப்படாத கண்ணு. அதுங்களால வெளிய வர முடியாது."

குழந்தை தைரியம் வந்து, ஒரு கைப்பிடிப் புல்லை வலைக்குள் நீட்டியது.