அந்த இரண்டு நிமிடம்

"சாவியைக் கீழ வைங்கய்யா!"

கண் விழித்ததும் அவள் காதில் விழுந்த முதல் குரல் அதுதான். தூறல்... ஈர நடைபாதை... சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கால்கள். தலைக்கு அடியில் மட்டும் ஏதோ மெத்தென்று இருந்தது. உள்ளங்கையில் ஒரு கொத்து இரும்புச் சாவி. யாரோ திணித்து, விரல்களை மடக்கி அழுத்தியதில் ரத்தம். வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்க வேண்டுமாம்! பனியனோடு நின்று கத்தியவன் சாவிக் கடைக்காரன்.

ஒருத்தி தரையில் கிடக்கிறாள்... இவனுக்குச் சாவிதான் பெரிசு! எழுந்ததும் கொத்தை அவன் மேலேயே விட்டெறிந்தாள்.

"உங்க சொத்து... பத்திரமா வெச்சுக்கோங்க!"

அவன் திருதிருவென்று விழித்தான். மழை சொட்டும் இமைகள், பெரிய கண்கள்... சே, கண்ணாம் கண்!

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் ஒரே ஒரு முறை விழுந்தாள். குழந்தைகள் பயந்துவிடும் என்று ஸ்டோர் ரூமில் சாக்பீஸ் பெட்டிகளோடு உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தைகளா பயந்தார்கள்? 'எப்போ வருவீங்க டீச்சர்?' என்று ஜன்னலில் தினமும் எட்டிப் பார்க்கிறார்கள். பயந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள்தான்.

மறுநாள் பார்த்தால், அந்தக் கொத்திலிருந்து கழன்று விழுந்த ஒரு சாவி கைப்பையில் கிடந்தது. அதையும் வீசிவிட்டு வரலாம் என்று போனாள்.

"சாவிக்காகக் கத்தலைங்க. உங்க கையைக் கிழிச்சுட்டிருந்தாங்க. எங்க சித்தப்பாவுக்கும் வலிப்பு உண்டு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மணி பார்த்தாப் போதும்..." ஆர்டர் சீட்டு ஒன்றை நீட்டினான். அதில் வலிப்பு வந்த நேரம்: பதினொன்று நாற்பத்திரண்டு முதல் நாற்பத்து நான்கு வரை. "டாக்டர் கேட்பாரு."

கடைக்குள் சேறு படிந்த சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மெத்தென்று இருந்தது எது என்று இப்போது புரிந்தது.

இரண்டே நிமிடம்! அதற்காகவா அவளை மூட்டை கட்டி மூலையில் போட்டார்கள்? ஆத்திரத்தில் அழுகை வந்தது.

அதன்பின் அலமாரி, மேசை, சைக்கிள் என்று வாரம் ஒரு சாவிக்கு நகல் தேவைப்பட்டது.

"உங்க வீட்ல இன்னும் எத்தனை பூட்டு பாக்கி டீச்சர்?"

"ஏன், வரக்கூடாதா?"

"ஐயையோ... பூட்டு தீர்ந்துட்டா நானே வாங்கித் தரேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெண் கேட்டு அவள் வீட்டுக்கே அவன் வந்துவிட்டான். அவள் அண்ணன் பழைய பல்லவியை எடுத்தான். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களிடமும் நோயை மறைத்தவன் அவன்தான். அவளே போட்டு உடைத்தாள். இருவரும் ஓட்டம் பிடித்தார்கள்.

"தங்கச்சிக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிச்சதில்லை..."

அவன் நாற்காலியில் நெளிந்தான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நிறுத்துண்ணா! நான் வலிப்பு வந்து விழுந்ததே இவர் கடை வாசல்லதான்!"

அண்ணன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். "மெதுவா பேசு... பக்கத்து வீட்ல கேட்கும்."

"கேட்கட்டும்! நான் என்ன திருடினேனா? எப்பவோ ஒரு நாள் ரெண்டு நிமிஷம்... அன்னிக்கும் மிச்ச நேரமெல்லாம் நான் நல்லாத்தானே இருந்தேன்? அது ஏன் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலை?"

மூச்சு வாங்கியது. அவன் பக்கம் திரும்பியதும் குரல் தானாக இறங்கியது.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... யாரும் பார்க்காத அந்த மிச்ச நேரம் போதுமா உங்களுக்கு?"

"போதாது," என்றான் அவன், அந்தப் பெரிய கண்களால் அவளையே பார்த்தபடி. "அந்த ரெண்டு நிமிஷத்தையும் சேர்த்துத்தான் கேட்டு வந்தேன்."